கையை நீட்டினால் கடிக்கும் கிளி! வீடு மாறி வந்த பறவையைப் பழக்குவது எப்படி?

சென்னைவாசிகளுக்குக் கிளி மோகம் விட்டபாடில்லை. ஒண்டுக் குடித்தனம் ஆனாலும் சரி, பத்தாவது மாடி "பிளாட்" ஆனாலும் சரி, பால்கனியில் ஒரு கூண்டு தொங்குகிறது.

கூண்டு தொங்குவது பெரிய விஷயம் இல்லை. உள்ளே இருக்கும் கிளி எத்தனை நாள் அந்த வீட்டில் இருக்கப் போகிறது என்பதுதான் விஷயம்!

முதல் நாள் வீட்டில் திருவிழா. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கூண்டைச் சுற்றி நிற்பார்கள். ஆளுக்கொரு விரலைக் கம்பிக்குள் விட்டு, "ஹலோ சொல்லு... அக்கா சொல்லு..." என்று ஒரே கூச்சல்.

மூன்றாம் நாள், "அப்பா, கடிச்சிடுச்சுப்பா!" என்று பையன் விரலில் ரத்தத்தோடு ஓடி வருவான்.

பத்தாம் நாள் கூண்டுப் பக்கம் யாரும் போவதில்லை. தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றக்கூட வீட்டுக்கார அம்மாள் கையில் துணியைச் சுற்றிக் கொள்கிறார்.

மூன்றாம் மாதம், "என்னங்க, உங்க ஆபீசுல யாராவது கேட்டா குடுத்துடுங்களேன். காலங்காத்தால கத்துற கத்துல காது போகுது" என்ற பேச்சு வந்து விடும்.

அவ்வளவுதான்! கிளி கூண்டோடு இன்னொரு வீட்டுக்குப் பயணம்.

இதில் பரிதாபம் என்ன தெரியுமா? கடைகளில் "காக்டெயில்" என்று விற்கிறார்களே (பெயரைக் கேட்டு வேறு எதையும் நினைத்து விடாதீர்கள்!), அந்தக் கொண்டைக் கிளி நல்லபடி வளர்த்தால் 15 முதல் 20 ஆண்டு வரை இருக்கும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 40, 50 ஆண்டுகூட இருக்கும். வீடு வீடாக மாறினால் ஒரே கிளி நாலைந்து குடும்பங்களைப் பார்த்து விடும். ஒவ்வொரு வீட்டிலும் அது படிக்கும் பாடம் ஒன்றுதான்: "மனுஷன் கை வந்தால் ஆபத்து!"

அப்படிப்பட்ட ஒரு கிளி உங்கள் வீட்டுக்கு வந்தால் அதன் பயத்தைப் போக்க முடியுமா?

முடியும். ஆனால் அதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை.

பச்சைக் கிளியா? உஷார்!

நம் ஊர் மரங்களில் கூட்டம் கூட்டமாகப் பறக்கிறதே பச்சைக் கிளி, அதை வீட்டில் வளர்ப்பது குற்றம்.

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 2022-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது நாட்டுக் கிளிகள் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. பிடித்தால், விற்றால், கூண்டில் வைத்தால் ஜெயில், அபராதம் இரண்டுக்கும் இடம் உண்டு. "எங்க தாத்தா காலத்துலேருந்து வளர்க்கிறோம் சார்" என்ற பேச்சு எடுபடாது.

2023 பிப்ரவரியில் ஒரு சினிமா நடிகர் வீட்டில் இருந்த 2 பெரிய பச்சைக் கிளிகளை வனத்துறையினர் எடுத்துச் சென்றார்கள். இறக்கையில் சிவப்புத் திட்டு இருக்கும் ஜாதி. அபராதம் எவ்வளவு தெரியுமா? 2½ லட்சம் ரூபாய்!

2024 ஏப்ரலில் கடலூரில் ஒரு கிளி ஜோசியக்காரருக்கும் இதே கதி. பாராளுமன்றத் தேர்தல் நேரம். ஒரு வேட்பாளருக்குக் கிளி சீட்டு எடுத்துக் கொடுத்தது. "வெற்றி நிச்சயம்" என்றார் ஜோசியர். செய்தி பரவியதும் வனத்துறையினர் வந்து கிளிகளைப் பறிமுதல் செய்தார்கள். ஜோசியரை எச்சரித்து அனுப்பினார்கள். அந்த வேட்பாளர் ஜெயிக்கவும் இல்லை!

ஆகவே யாராவது "சும்மா வச்சுக்கோங்க" என்று பச்சைக் கிளியை நீட்டினால் வாங்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைத்து விடுவதுதான் நல்லது.

வளர்க்க அனுமதி உள்ளவை வெளிநாட்டு ஜாதிகள். இதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. சாம்பல் கிளி, மக்காவ், சன் கன்யூர் போன்றவை சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவை. 2024-ம் ஆண்டு வந்த மத்திய அரசு விதிகளின்படி இவற்றை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். வேறு ஒருவரிடம் இருந்து வாங்குகிறீர்கள் என்றால் "பதிவுச் சீட்டு இருக்கா?" என்று முதலில் கேளுங்கள்.

கொண்டைக் கிளியும், நம் ஊரில் "லவ் பேர்ட்ஸ்" என்று அழைக்கும் குட்டிக் கிளியும் அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டுக்கும் பூர்வீகம் ஆஸ்திரேலியா. நகரத்தில் கைமாறுவதில் முக்கால்வாசி இவைதான்.

அது ஏன் பயப்படுகிறது?

நாய்க்குட்டியை வாங்கி வந்தால் அன்று இரவே காலடியில் படுத்துத் தூங்கும். கிளி அப்படி இல்லை.

நாய் வேட்டையாடும் ஜாதி. கிளி வேட்டையாடப்படும் ஜாதி!

கிளியின் கண்கள் தலைக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன. பின்னால் வருவதைக்கூடப் பார்த்து விடும். பூனைக்கும் பருந்துக்கும் மனிதனுக்கும் கண்கள் முன்னால் இருக்கின்றன. இரண்டு கண்ணாலும் நேராக முறைத்துக்கொண்டு, தலைக்கு மேலே இருந்து கையை இறக்கினால் கிளிக்கு எப்படி இருக்கும்? பருந்து இறங்குகிற மாதிரி இருக்கும்.

நாம் கொஞ்சுகிறோம் என்று நினைக்கிறோம். அது உயிர் போகிறது என்று நினைக்கிறது.

பல வீடுகளில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கியவர் பக்கம் கிளி திரும்பாது. கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிடும் பிள்ளைகளைக் கண்டால் மூலைக்கு ஓடும். ஆனால் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிற பாட்டியைக் கண்டால் கம்பி அருகே வந்து நிற்கும்! காரணம், பாட்டி அதைத் தொடுவதற்குப் போனதே இல்லை.

கிளியைப் பழக்கும் வித்தை முழுவதும் அந்தப் பாட்டியிடம் இருக்கிறது.

முதல் வாரம் - சும்மா இருங்கள்

வந்த அன்று கூண்டை ஒரு சுவரை ஒட்டி வையுங்கள். நெஞ்சு உயரம் போதும். நடுக் கூடத்தில் நாலு பக்கமும் திறந்தபடி தொங்க விட்டால் எந்தப் பக்கம் இருந்து எது வருமோ என்று பதறிக் கொண்டே இருக்கும். ஒரு பக்கம் சுவர் இருந்தால் முதுகுக்குத் தைரியம்.

ஜன்னலில் காக்கை வந்து உட்காரும் இடமா? அங்கே வேண்டாம்.

சமையல் கட்டு கூடவே கூடாது. "நான்-ஸ்டிக்" தோசைக் கல் அடுப்பில் காலியாகக் காய்ந்து சூடு மீறினால் அதில் இருந்து ஓர் ஆவி கிளம்பும். நமக்குத் தெரியக்கூட தெரியாது. கிளி சில நிமிடங்களில் சுருண்டு விழுந்து செத்து விடும். பறவைகளின் சுவாச உறுப்பு அவ்வளவு நுட்பமானது. கொசுவத்திச் சுருள், சாம்பிராணிப் புகை, ஊதுவத்தி, சிகரெட் எல்லாமே அதற்கு எமன்தான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடுகளில் அந்த நேரத்துக்குக் கூண்டை வேறு அறைக்கு மாற்றி விடுங்கள்.

தூக்கம் ரொம்ப முக்கியம். ராத்திரி 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். சீரியல் முடிகிறவரை டி.வி.க்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் மறுநாள் சிடுசிடுவென்றுதான் இருக்கும். நமக்கே அப்படித்தானே? கொண்டைக் கிளிக்கு மட்டும் ஒரு சின்ன இரவு விளக்கு நல்லது. முழு இருட்டில் சிறு சத்தம் கேட்டாலும் மிரண்டு கூண்டுக்குள் மோதிக் கொள்ளும் சுபாவம் அதற்கு உண்டு.

இந்த ஒரு வாரமும் கையை உள்ளே விடுவது தண்ணீர், தீனி மாற்ற மட்டுமே. அதுவும் மெதுவாக, "தண்ணி வைக்கிறேன்" என்று சொல்லிக் கொண்டே. தினமும் அதே வார்த்தை. என்ன நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பயம் போய் விடும்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் கூண்டுக்கு நாலடி தள்ளி நாற்காலியைப் போடுங்கள். நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, மாலைப் பத்திரிகையை வாய் விட்டு வாசியுங்கள். அரசியலோ, தங்கம் விலையோ, எதுவானாலும் சரி. கிளிக்கு வேண்டியது செய்தி அல்ல, குரல். நாளுக்குக் கொஞ்சம் நாற்காலியை முன்னால் நகர்த்துங்கள். கிளி அசையாமல் விறைத்து நின்றால் நகர்த்தியது அதிகம். மறுபடி பின்னால் போட்டுக் கொள்ளுங்கள்.

உடம்பே பேசும்

கிளி பேசும் பேசும் என்கிறோம். அது வாய் திறப்பதற்கு முன்பே உடம்பால் பேசிக் கொண்டிருக்கிறது. நாம்தான் கவனிப்பதில்லை.

இறகு எல்லாம் உடம்போடு ஒட்டி, கழுத்து நீண்டு, குச்சி மாதிரி நின்றால் பயம். கொண்டைக் கிளியின் கொண்டை நெட்டுக்குத்தாக நின்றால் திகைப்பு. தலையோடு படிந்து, வாய் திறந்து "உஸ்" என்று சீறினால் "கிட்டே வராதே" என்று அர்த்தம். சாம்பல் கிளி போன்ற பெரிய ஜாதிகளில் கண்ணின் கருமணி சட் சட்டென்று சுருங்கி விரிந்தால், அந்தச் சமயம் கை வைக்காமல் இருப்பது விரலுக்கு நல்லது!

ஒற்றைக் காலை மடக்கி நின்றால் நிம்மதி. தூங்கும் முன் அலகை "கரக் கரக்" என்று அரைத்தால் சந்தோஷம். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே இறகைக் கோதிக் கொள்கிறதா? அது பெரிய வெற்றி. எதிரி பக்கத்தில் இருக்கும்போது எந்தப் பறவையும் தலையை முதுகுக்குள் நுழைத்து இறகு கோதாது.

ஆனால் பகல் முழுவதும் உடம்பை உப்பிக் கொண்டு, சாப்பிடாமல், கூண்டின் அடியில் உட்கார்ந்து இருந்தால் அது பயம் அல்ல, வியாதி. பறவைகள் நோயைக் கடைசி வரை மறைக்கும். வெளியே தெரிந்தால் காட்டில் முதல் பலி அதுதானே! "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்காமல் அன்றே வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கோ, பறவை வைத்தியம் தெரிந்த டாக்டரிடமோ போக வேண்டும்.

ஒரு நெல்மணி ரகசியம்

இனி கைக்கு வரவழைக்கும் கட்டம். இதற்கு வெளிநாட்டுப் புத்தகம் எல்லாம் தேவை இல்லை. கிளி ஜோசியத்தை ஒரு தடவையாவது பார்த்து இருப்பீர்கள். கூண்டைத் திறந்ததும் கிளி வெளியே வரும். சீட்டுகளைத் தள்ளும். ஒன்றை எடுத்துக் கொடுக்கும். ஜோசியர் ஒரு நெல்லைக் கொடுப்பார். வாங்கிக் கொண்டு தானே உள்ளே போய் விடும்.

அந்தத் தொழிலுக்காகக் காட்டுக் கிளியைப் பிடித்து இறக்கையை வெட்டியது கொடுமை. ஆனால் கிளியை வேலை செய்ய வைத்தது அந்த ஒரு நெல்தான். செய்த உடனே கூலி!

உங்கள் கிளிக்கு எது "நெல்"? கண்டுபிடிப்பது சுலபம். கலந்த தானியத்தைக் கிண்ணத்தில் போட்டு விட்டுத் தள்ளி நின்று பாருங்கள். எதை முதலில் பொறுக்குகிறதோ அதுதான். பெரும்பாலும் சூரியகாந்தி விதையாக இருக்கும். சிலதுக்குத் தினைக் கதிர் என்றால் உயிர். அன்றில் இருந்து அந்த ஒன்றைக் கிண்ணத்தில் போடாதீர்கள். இனிமேல் அது உங்கள் கையில் இருந்து மட்டுமே வர வேண்டும்.

மற்ற தீனியைக் குறைத்துப் பட்டினி போட்டுப் பழக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். சின்னப் பறவை, ஒரு நாள் பட்டினியே உயிருக்கு உலை வைத்து விடும்.

முதலில், கூண்டைத் தாண்டிப் போகும்போது எல்லாம் ஒரு விதையைக் கிண்ணத்தில் போட்டு விட்டுப் போய்க் கொண்டே இருங்கள். நிற்காதீர்கள், பார்க்காதீர்கள். நாலைந்து நாளில் உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் கிளி கிண்ணத்துக்கு வந்து நிற்கும். "இந்த ஆள் வந்தால் ஏதோ கிடைக்கும்" என்று கணக்குப் போட்டு விட்டது!

அடுத்தபடி, விதையைக் கம்பி வழியாக நீட்டிப் பிடியுங்கள். உடனே வராது. கை வலிக்கும். அரை நிமிடம் பார்த்து விட்டு விதையைக் கிண்ணத்தில் போட்டு விடுங்கள். ஏமாற்றக் கூடாது. இது இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். ஏற்கெனவே மூன்று வீடு பார்த்த கிளி என்றால் மாதக் கணக்குத்தான்.

கம்பி வழியாக வாங்கப் பழகி விட்டதா? இப்போது உங்கள் சட்டைப் பையில் இருக்கும் பால்பாயிண்ட் பேனாவுக்கு வேலை வருகிறது. "டிக்" என்று ஒரு சத்தம், உடனே ஒரு விதை. "டிக்", விதை. பத்துப் பதினைந்து தடவையில் "டிக்" என்றால் விதை என்று புரிந்து விடும். அதன்பின் ஒரு ஐஸ் குச்சியை அலகுக்குச் சற்றுத் தள்ளிக் காட்டுங்கள். கிளிக்கு எதையும் கடித்துப் பார்க்கும் ஆசை உண்டு. எட்டிக் குச்சியைத் தொட்ட அதே நொடியில் "டிக்". பிறகு விதை.

குச்சியை இந்தப் பக்கம் காட்டினால் இந்தப் பக்கம் நடக்கும். அந்தப் பக்கம் காட்டினால் அந்தப் பக்கம் நடக்கும். யாரும் பிடிக்கவில்லை, தள்ளவில்லை. தானாக நடக்கிறது! குச்சியைக் கூண்டு வாசலில் காட்டினால் வாசலுக்கு வரும். வாசலுக்குக் குறுக்கே உங்கள் கையை ஒரு கிளை மாதிரி நீட்டி, கைக்கு அந்தப் பக்கம் குச்சியைக் காட்டினால்... ஒரு காலை வைக்கும். எடுத்து விடும். மறுபடி வைக்கும். ஒரு நாள் இரண்டு காலையும் வைத்து ஏறி விடும். ஏறும்போது "மேலே வா" என்று சொல்லுங்கள். பின்னால் அந்தச் சொல்லே போதும்.

ஐந்து நிமிடம், காலையும் மாலையும். அதற்கு மேல் வேண்டாம். கிளி முகத்தைத் திருப்பிக் கொண்டால் பாடம் முடிந்தது என்று அர்த்தம்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிளி திரும்பிக் கொண்டால் விடாமல் விரலால் வயிற்றில் நெட்டுகிறார்கள். "வேண்டாம்" என்று அது சொன்னால் நாம் விட்டு விடுவோம் என்று தெரிந்த கிளிதான் நாளைக்கு "சரி" என்று வரும். வேறு வழியே இல்லாத கிளிக்குக் கடிப்பது ஒன்றுதான் வழி.

கடித்து விட்டால்?

கடிக்கத்தான் செய்யும். ஒரு தடவையாவது கடிக்கும்.

கத்தாதீர்கள். கையை உதறாதீர்கள். தலையில் தட்டுவது, முகத்தில் ஊதுவது, இருட்டு அறையில் போடுவது எல்லாம் வீண். அடித்த கையையே நாளைக்கு நீட்டினால் எப்படி வரும்? சத்தம் போடாமல் பக்கத்தில் உள்ள கம்பில் இறக்கி விட்டுப் போய் விடுங்கள். கடி எதனால் வந்தது என்று யோசியுங்கள். கொண்டை படிந்தது, சீறியது, பின்னால் நகர்ந்தது என்று மூன்று தடவை சொல்லி இருக்கும். நாலாவது தடவைதான் கடித்து இருக்கும்.

தடித்த தோல் கையுறை மாட்டிக் கொள்வது இன்னும் மோசம். நமக்கு வலிக்காது, கிளிக்கு அது பூதம்!

காலங்காத்தால கத்துவது பற்றிப் புகார் சொல்லாத வீடு இல்லை. கிளி கூட்டமாக வாழும் பறவை. விடிந்ததும் "எல்லாரும் இருக்கீங்களா?" என்று குரல் கொடுக்கும். பதில் வராவிட்டால் இன்னும் பலமாகக் கத்தும். "ஏய், சும்மா இரு!" என்று நீங்கள் கத்தினால் "ஆஹா, பதில் வந்து விட்டது" என்று அதற்கு ஒரே குஷி. அதற்குப் பதில் ஒரு மெல்லிய சீட்டியைப் பழக்குங்கள். அது கத்தும்போது போகாதீர்கள். சீட்டி அடித்தால் உடனே பதில் சீட்டி அடித்து எதிரே போய் நில்லுங்கள். சில வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

வசம்பும் மிளகாயும்

"நாக்கில் வசம்பு தேய்த்தால் பேசும்", "பச்சை மிளகாய் கொடுத்தால் பேசும்" என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். இரண்டும் கதை.

கிளிக்குக் குரல் எழுவது மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில். நாக்கைத் தேய்த்து என்ன பயன்? மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதே இல்லை. நமக்குக் கண்ணீர் வரும் மிளகாயை அது கற்கண்டு மாதிரி சாப்பிடும். சாப்பிடட்டும், தப்பில்லை. அதனால் பேச்சு வராது.

லவ் பேர்ட்ஸில் மூக்கின் மேல் தோல் நீலமாக இருக்கும் ஆண் பேசும். அமெரிக்காவில் "பக்" என்ற ஒரு குட்டிக் கிளி 1,728 சொற்கள் பேசி "கின்னஸ்" புத்தகத்தில் இடம் பிடித்தது. கொண்டைக் கிளியில் ஆண் நன்றாகச் சீட்டி அடிக்கும்; பேச்சு ஒன்றிரண்டு சொல்தான். அது பேசவில்லை என்று கோபித்துக் கொள்வது நியாயம் இல்லை.

பேச்சு விஷயத்தில் உலகத்துக்கே பாடம் சொன்னது "அலெக்ஸ்" என்ற சாம்பல் கிளி. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி 1977-ல் சிகாகோவில் ஒரு சாதாரணக் கடையில் வாங்கியது. 7 நிறம், 5 வடிவம், 50 பொருள்களின் பெயர் சொன்னது. எத்தனை என்று கேட்டால் ஆறு வரை எண்ணிச் சொன்னது. 2007 செப்டம்பரில் இறந்தபோது வயது 31.

அதற்கு எப்படிக் கற்றுக் கொடுத்தார்கள்? கிளியின் முன்னால் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் சாவியைக் காட்டி "இது என்ன?" என்று கேட்பார். மற்றவர் "சாவி" என்பார். உடனே சாவி அவர் கைக்குப் போகும். வேண்டும் என்றே தப்பாகச் சொன்னால் கிடைக்காது. பார்த்துக் கொண்டு இருக்கும் கிளிக்குப் பொறாமை தாங்காது. "எனக்கும் வேணும்" என்று வாயைத் திறக்கும்! நம் வீடுகளில் அக்காளும் தம்பியும் உட்கார்ந்து இதைச் செய்யலாம்.

அலெக்ஸ் பாடத்தில் சலித்துப் போனால் "திரும்பிப் போகணும்" என்று இங்கிலீஷில் சொல்லும். சொன்னால் கூண்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டியதுதான். அவ்வளவு பெரிய படிப்பாளிக்கே அந்த உரிமை இருந்தது.

பாலும் பழமும்

கிளி என்றதும் பாலும் பழமும் என்று நினைப்பு வரும். பழம் சரி. பால் வேண்டாம், பறவைக்குப் பால் ஜீரணம் ஆகாது. வெறும் தானியம் மட்டுமே கொடுத்தாலும் கொழுப்பு ஏறி ஈரல் கெட்டு விடும். முருங்கைக் கீரை, கொத்தமல்லி, கேரட், சோளம், முளை கட்டிய பச்சைப் பயறு, கொய்யா எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கலாம். பட்டர் புரூட், சாக்லேட், காபி மூன்றும் விஷம். நம் தட்டில் இருந்து உப்பு, எண்ணெய் போட்ட பண்டத்தை ஊட்டும் செல்லமும் வேண்டாம்.

கூண்டைச் சுத்தம் செய்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கிளி மூலம் மனிதருக்குத் தொற்றும் ஒரு வகைக் காய்ச்சல் உண்டு. வீட்டில் வேறு பறவை இருந்தால் புதிதாக வந்ததை ஒரு மாதமாவது தனி அறையில் வையுங்கள்.

மின்விசிறி... ஜாக்கிரதை!

கைக்குப் பழகி, கூண்டை விட்டு வெளியே வரும் நாள்தான் ஆபத்தான நாள்.

மேலே சுற்றும் மின்விசிறியில் அடிபட்டு எத்தனையோ கிளிகள் போய் இருக்கின்றன. கூண்டைத் திறக்கும் முன் "சுவிட்சை" அணைத்து, இறக்கை நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஜன்னலைச் சாத்துங்கள். கண்ணாடிக்குத் திரை போடுங்கள். வாளித் தண்ணீரை மூடுங்கள். கொதிக்கும் ரசம் அடுப்பில் இருந்தால் அன்று வெளியே விட வேண்டாம்.

"எங்க கிளி பறக்காதுங்க. தோள்லேயே உட்கார்ந்து தெருமுனைக் கடை வரைக்கும் வரும்" என்று சிலர் பெருமை பேசுவார்கள். விற்றவர் இறக்கையை வெட்டி இருப்பார். அதனால்தான் பறக்கவில்லை. வெட்டிய இறகு உதிர்ந்து சில மாதத்தில் புது இறகு முளைத்து விடும். அது வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஒரு நாள் பஸ் "ஹாரன்" அடித்ததும் கிளி மிரண்டு எழும்பும். வேப்ப மரத்தில் உட்காரும். காக்கைகள் சூழ்ந்து கொள்ளும். அப்புறம் திரும்பி வருவது அபூர்வம்.

தப்பிப் போனால் மரத்தின் கீழ் காலிக் கூண்டையும் பிடித்த விதையையும் வைத்து, பழக்கிய சொல்லைச் சொல்லி, பழக்கிய சீட்டியை அடித்துக் கூப்பிடுங்கள். "மேலே வா" நன்றாகப் பழகிய கிளிக்கு அந்த நேரத்தில் இறங்கி வர ஒரு வழியாவது இருக்கும். பழகாத கிளிக்கு அதுவும் இல்லை.

தீபாவளி சமயம் இரட்டிப்புக் கவனம் தேவை. முதல் வெடி வெடிக்கும் முன்பே கூண்டை உள்ளறைக்குக் கொண்டு போய், மூன்று பக்கம் துணி போட்டு, பக்கத்தில் ரேடியோவை மெதுவாக வைத்து விடுங்கள்.

எத்தனை நாள் ஆகும்?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. குஞ்சில் இருந்தே கையால் ஊட்டி வளர்த்த கிளி ஒரு வாரத்தில் தோளில் ஏறும். பெரிய கூண்டில் கூட்டத்தோடு வளர்ந்தது என்றால் இரண்டு, மூன்று மாதம். வீடு வீடாக மாறி வந்ததற்கு ஒரு வருடம்கூட ஆகலாம். சில கிளிகள் கடைசி வரை தலையைத் தொட விடாது. விதையை வாங்கும், தோளில் உட்காரும், அத்துடன் சரி. அதையும் ஏற்றுக் கொள்ள வேண்டியதுதான்.

இடையில் ஒரு நாள் பழைய பயம் திரும்பும். சட்டை நிறம் மாறி இருக்கலாம். புதுக் கண்ணாடி போட்டு இருக்கலாம். கையில் குடை இருந்து இருக்கலாம். கோபப்படாமல் இரண்டு படி கீழே இறங்கி, மறுபடி கம்பி வழியாக விதை கொடுப்பதில் இருந்து ஆரம்பியுங்கள். முதல் தடவை ஆன நாள் இந்தத் தடவை ஆகாது.

எவ்வளவு செய்தும் வேலை மாற்றல், வீடு மாற்றம், உடல்நிலை என்று கிளியைக் கொடுத்தே ஆக வேண்டிய நிலைமை சிலருக்கு வரலாம். அப்போது கூண்டையும் தீனி டப்பாவையும் மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். எந்தச் சொல்லுக்குக் கையில் ஏறும், எந்த விதைக்கு வரும், எந்தச் சீட்டிக்குப் பதில் சொல்லும், எதைக் கண்டால் மிரளும் என்று ஒரு தாளில் எழுதிக் கூண்டில் கட்டி விடுங்கள். வாங்குகிறவர் அதைப் பார்த்து அதே சொல்லைச் சொல்லட்டும்.